எங்க வீட்டுக்காரர் கொடுத்த நம்பர்

சோத்துல கை வச்சாப் போதும், அந்த எழவெடுத்த போன் அடிக்கும். எவன்தான் மோப்பம் பிடிச்சுச் சொல்றானோ தெரியல. கொழம்பை ஊத்திப் பெசைஞ்சு மொத உருண்டை வாய்க்குப் போறதுக்குள்ள, "வணக்கம் சார், லோன் வேணுங்களா?" அதை வச்சா அடுத்தது. "மேடம், திருச்சிக்குப் பக்கத்துல மனை போட்டிருக்கோம், குடும்பத்தோட வந்து பாருங்க." பாதி நேரம் பேசறது ஆளே இல்ல, மெஷின்ல பேசற பொம்பளை. அவகிட்டயும் எங்க வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் மல்லுக்கு நிப்பாரு. "ஏம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளும்மா"ன்னு இவரு கத்துவாரு. அவ பாட்டுக்கு "ஒன்றை அழுத்தவும்"பா. இவரு போனைத் தூக்கிச் சுவத்துல அடிப்பாரு. ரெண்டு போன் அப்படியே போச்சு.

நான் மட்டும் என்ன யோக்கியம்? ராஜாத்தி வாய் நீளம்னு ஊருக்கே தெரியும். நன்னிலம் கடைத்தெருவுல நான் வெண்டைக்காய் வெலை கேட்டா, நாலு கடை தள்ளி நிக்கிறவன் திரும்பிப் பாப்பான். லோன் வேணுமான்னு கேட்ட ஒரு பயலை அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து வச்சு ஏசினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "நன்றி மேடம், இந்த நாள் இனிய நாளாகட்டும்"னு சொல்லி வச்சான். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. திட்டினா வலிக்கணும்ல? வலிக்காதவனை என்னத்தத் திட்டுறது?

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. ஆடி மாசம் எங்க பெரிய நாத்தனார் புருஷன் செத்துட்டாரு. பாடை தூக்கற நேரம், எல்லாரும் மாரடிச்சிக்கிட்டு நிக்கிறோம். இவரு சட்டைப் பையில போன் அடிச்சிச்சு. பதட்டத்துல எதையோ அமுக்கிட்டாரு. அந்த மெஷின் பொம்பளை ஊருக்கே கேக்கற மாதிரி, "வாழ்த்துக்கள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்!"னு கூவினா. ஒப்பாரி வச்சவளுவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாளுவ. சங்கு ஊதறவனுக்கு மூச்சு முட்டிப் போச்சு. "அண்ணனைத் தேர்ந்தெடுத்துட்டாங்கப்பா, ஒரு மாலை எடுத்துப் போடுங்க"ன்னு கூட்டத்துலேருந்து ஒரு குரல். இளஞ்செழியன் தம்பிதான். எங்க வீட்டுக்காரரை அடிச்சாத் தாங்குவாரு, வஞ்சாத் தாங்குவாரு. சிரிச்சா மட்டும் தாங்க மாட்டாரு. காடு போயிட்டு வந்து குளிச்சவரு தம்பிகிட்ட முகம் கொடுத்துப் பேசறதையே விட்டுட்டாரு.

இளஞ்செழியன் யாருன்னு சொல்லணும்ல? இவருக்குச் சித்தப்பா மகன், பங்காளி. எனக்கு அதுக்கும் மேல. என் தங்கச்சி மலர்க்கொடியக் கட்டியிருக்குது. ஒருத்திக்கு ஒருத்தி தொணையா இருக்கட்டும்னு எங்கப்பா ரெண்டு பேரையும் ஒரே வீட்டு ஆம்பளைங்களுக்குக் கொடுத்தாரு. வீடும் பக்கத்துல, வயலும் பக்கத்துல. எங்க வயல் மேட்டுல, அவங்க வயல் பள்ளத்துல. நடுவுல ஒரு வரப்பு.

சாவு வீட்டுக்கு அப்புறந்தான் இவருக்கு அந்த ஞானோதயம் வந்துச்சு. எங்க போர்செட்டு மோட்டாருக்கு ஒரு பொட்டி மாட்டியிருக்கோம். அதுக்குள்ள ஒரு சிம்கார்டு கெடக்கும். வீட்டுல குந்திக்கிட்டே அந்த நம்பருக்கு ஒரு ரிங் விட்டா மோட்டார் ஓடும், இன்னொரு ரிங் விட்டா நிக்கும். மாட்டி விட்டது ஜாஃபர் சாதிக், நன்னிலத்துல மோட்டார் வேலை பாக்குறவரு. "உங்க நம்பருக்கு மட்டும் ஓடற மாதிரி பூட்டிடவாண்ணே?"ன்னு அவரு அன்னைக்கே கேட்டாரு. "அதெல்லாம் வேணாம்ப்பா. சிங்கப்பூர்லேருந்து எம் மவன் ராஜ்குமார் போட்டாலும் ஓடணும், நாத்தங்கால்ல நிக்கிற ஆளு போட்டாலும் ஓடணும்"னு இவருதான் மறிச்சாரு.

அப்புறம் எவன் கூப்பிட்டாலும் எங்க வீட்டுக்காரர் குரல் தேனா ஒழுகும். "அய்யய்யோ, இது எம் பொண்டாட்டி போனுங்க. என் நம்பர் எழுதிக்குங்க"ன்னு மோட்டார் நம்பரை நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரு. "எப்ப வேணா கூப்பிடுங்க தங்கம். காலையிலயும் நான் சும்மாத்தான் இருப்பேன்." திருவாரூர்ல துணி எடுத்தா பில்லு போடறவன் நம்பர் கேப்பான், அதையே கொடுப்பாரு. மிக்சி வாங்கின எடத்துல அதையே கொடுத்தாரு. "என்ன விக்கணுமோ மோட்டார்கிட்ட வித்துக்கட்டும்டி"ன்னு தொடையத் தட்டிச் சிரிப்பாரு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வீட்டுல போன் மெல்ல மெல்ல அடங்கிப் போச்சு, நிம்மதியா நாலு வாய் சாப்பிட்டோம். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்னு எனக்கு எங்க தெரியும்? இதெல்லாம் இப்பக் கோத்துப் பாக்குறேன். அப்ப ஒரு எழவும் தோணல.

புரட்டாசியில தம்பி வயல் குறுவை அறுப்புக்கு நின்னுச்சு. அப்படி ஒரு வெள்ளாமை! கதிர் முத்தித் தலை சாஞ்சு நிக்குது. அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வச்சு, மெஷின் எறங்கணுமேன்னு தண்ணிய வடிச்சு வயலைக் காயப் போட்டிருந்துச்சு. நாங்க சம்பாவுக்கு நாத்து விட்டிருந்தோம்.

ஒரு நாள் காலையில நான் வாசல் தெளிச்சிக்கிட்டு இருக்கேன். தம்பி தோள்ல மம்பட்டியோட வந்து நிக்கிது. கண்ணு ரெண்டும் கோவப்பழம்.

"அண்ணே, வெளிய வா. நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?"

இவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு. "என்னடா?"

"ராத்திரி பூரா மோட்டார ஓட விட்டு எம் வயலை மூழ்கடிச்சிட்டியே. முழங்கால் தண்ணி நிக்கிது. கதிரெல்லாம் படுத்துக் கெடக்கு. சாவு வீட்டுல ஒரு பேச்சுப் பேசினதுக்கா இதைச் செஞ்ச?"

"எவண்டா ஓட விட்டான்? நான் மோட்டாரே போடல."

"அப்ப அது தானா எழுந்து ஓடிச்சா? மோட்டாருக்கு என்ன காலா இருக்கு?"

எங்க வீட்டுக்காரர் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. தம்பி அவரு காலடியில காறித் துப்பிட்டுப் போயிடுச்சு. ஏன் மறைக்கணும், நானே இவர நம்பல. கறுவிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன், செஞ்சாலும் செஞ்சிருப்பாருன்னுதான் நெனச்சேன்.

தம்பியும் மலரும் ஆளு வச்சுத் தண்ணிய வடிச்சாங்க. வடிஞ்ச மறுநாளே திரும்ப மோட்டார் ஓடி, மறுபடியும் வெள்ளம். இந்தத் தடவை தம்பி வாயால பேசல. நாத்தங்கால் வரப்புல நின்ன இவரைப் பின்னாலேருந்து மம்பட்டிக் காம்பால மண்டையில போட்டுச்சு. ரத்தம் கண்ணுல எறங்கறதை இவரு தொடைச்சிக்கக் கூட இல்ல. திரும்பி அதோட கழுத்தைப் பிடிச்சாரு. ரெண்டு பேரும் நாத்தங்கால்ல உருண்டாங்க. நாத்தெல்லாம் நாசம். இவரு தம்பி காதைக் கடிச்சாரு. அது சேத்தை அள்ளி இவரு வாயில திணிச்சிச்சு. "விடுங்கடா பாவிகளா"ன்னு நான் இவரு காலைக் கட்டிக்கிட்டேன். என்னையும் சேத்து இழுத்துக்கிட்டே போனாரு. மலர் தம்பி இடுப்பைப் பிடிச்சிக்கிட்டா. அக்கா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம் அழுதுகிட்டே இழுக்கிறோம், நடுவுல ரெண்டு கடாவும் முட்டுது. ஊர் ஆளுங்க வந்து பிரிச்சு விட்டாங்க.

இவருக்குத் தலையில தையல் போட்டுக் கொண்டாந்து படுக்க வச்சேன். படுத்த மனுசன் எழுந்து கொல்லையில குந்தி அருவாளைத் தீட்டறாரு.

"எதுக்கு?"

"அவனேதாண்டி எப்படியோ நம்ம மோட்டாரப் போட்டு விடறான். என்னை ஊருல கெட்டவனாக்கறான். இன்னொரு தடவை மோட்டார் ஓடட்டும், அவன் கை இருக்காது."

நெல்லு போனா அடுத்த போகம் வெளையும். நாத்துப் போனா வெலைக்கு வாங்கலாம். என் புருஷன் கையால என் தங்கச்சி தாலி அறுந்துதுன்னா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளப் பாப்பேன்? எங்கப்பா தொணையாத்தான கொடுத்தாரு. மாரியம்மா, எம் புருஷன் கையைக் கட்டுன்னு வேண்டிக்கிட்டேன். அவரு மாத்திரை போட்டுக் கண்ணசந்த நேரம் பாத்து அருவாளை எடுத்து வைக்கப்போருக்குள்ள சொருவினேன். மோட்டாரப் போடாம இருக்கட்டும்னு அவரு போனையும் எடுத்து என் இடுப்புல வச்சிக்கிட்டேன்.

மறுநாள் உச்சி வேளை. இவரு காய்ச்சல்ல பிதற்றிக்கிட்டுக் கெடக்காரு. தம்பி அருவாளோட எங்க போர்செட்டுப் பக்கம் போகுதுன்னு பக்கத்து வீட்டு ஜெயபாரதி ஓடி வந்து சொன்னா. போட்டது போட்டபடி ஓடினேன்.

மோட்டார் கொட்டகை பூட்டியிருந்துச்சு. சாவி இவரு அரைஞாண்ல. பொட்டி, மெயின் சுவிட்சு எல்லாம் உள்ள. வெளிய ஆழ்குழாய்க்குப் போற கேபிள் மட்டும் தரையில கெடக்கும். மோட்டார் அப்ப நின்னுதான் இருந்துச்சு. தம்பி வெறுங்காலோட சேத்துல நின்னு அந்தக் கேபிளைக் கொத்திக்கிட்டு இருந்துச்சு.

"தம்பி, எங்க வீட்டு சாமானை வெட்டறியே, நல்லாருக்கா?"

"நீங்க பேசாதீங்க அண்ணி. இனிமே இந்த மோட்டார் எப்படி ஓடுதுன்னு பாக்குறேன்."

"அவரு போடலன்னு சத்தியம் பண்றாருய்யா."

"சத்தியம்! அவன் சத்தியத்தைக் கொண்டு குப்பையில போடுங்க."

நாலாவது கொத்துல கேபிள் ரெண்டாப் போச்சு. அருவாளைப் போட்டுட்டு, குழாய்ப் பக்கம் போற துண்டை விட்டுட்டு, கொட்டகைப் பக்கத்துத் துண்டைப் பிடிச்சு வேரோட பிடுங்கறாப்ல இழுத்துச்சு. போன் என் இடுப்புல. எம் புருஷன் பாயில. பூட்டின கொட்டகைக்குள்ள பொட்டி 'டொக்'குன்னுச்சு.

தம்பி கத்தக் கூட இல்ல. பல்லைக் கடிச்சிக்கிட்டு அப்படியே வெறச்சு நின்னுச்சு. ஒடம்பு பூரா ஒதறுது. கையில பொகை. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. ஐயோ, அந்தக் கண்ணு! கொட்டகைக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டையப் பிடுங்கினேன். எங்கேருந்து அந்த பலம் வந்துச்சோ தெரியாது. அந்தக் கையில ஓங்கி ஒரு அடி. விடல. இன்னொரு அடி. எலும்பு ஒடையிற சத்தம் கேட்டுச்சு, கேபிள் கையை விட்டுச்சு. தம்பி மல்லாக்க விழுந்துச்சு. சேத்துல சீறிக்கிட்டுக் கெடந்த கேபிளைக் கட்டையாலயே தூரத் தள்ளினேன்.

மூச்சு இல்ல. மூக்குல கை வச்சுப் பாக்குறேன், இல்ல. ரெண்டு கையையும் கோத்து நெஞ்சுல குத்தினேன். "எழுந்திருடா"ன்னு குத்தினேன். கட்டிட்டு வந்த நாள்லேருந்து தம்பிங்கிறதத் தவிர வேற வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்ல நான், அன்னைக்கு வாயில வந்தது பூராக் கெட்ட வார்த்தை. "எந்தங்கச்சிய அறுத்துட்டுப் போவலாம்னு பாக்குறியாடா நாயே, எழுந்திருடா."

மலர் புருஷனைத் தடுக்கத்தான் பின்னாலேயே ஓடி வந்திருக்கா. வந்தவ கண்ணுல என்ன படும்? புருஷன் பொணமாட்டம் கெடக்கான், கை முறிஞ்சு தொங்குது, பக்கத்துல சவுக்குக் கட்டை, மேல குந்திக்கிட்டு அக்கா வஞ்சுகிட்டே குத்தறா. அவ வேற என்ன நெனைப்பா?

"அடிப் பாவி!"ன்னு ஒரு சத்தம். தோள்ல நெருப்பள்ளிக் கொட்டின மாதிரி இருந்துச்சு. கீழ கெடந்த அருவாளாலதான் வெட்டியிருக்கா. சூடா முதுகுல வழியிது. நான் திரும்பல. திரும்பினா குத்தறது நின்னுடும், மூச்சு வராமப் போயிடும்னு பயம். "வெட்டுடி, நல்லா வெட்டு. ஆனா என்னை நிறுத்தாத. இவன் மூச்சு நின்னு போச்சுடி"ன்னு கத்திக்கிட்டே குத்தினேன். அவ திரும்ப ஓங்கினா. அப்ப தம்பி தொண்டையில கொர்ருன்னு ஒரு சத்தம். அடுத்து ஒரு இருமல். அருவா அவ கையிலேருந்து தானா விழுந்துச்சு.

திருவாரூர்ல ஆசுபத்திரியில சேத்தாங்க. தம்பிக்கு உள்ளங்கை வெந்து போச்சு, முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பு முறிவு. உசுருக்குப் பயமில்லன்னாங்க. எனக்கு வலது தோள்ல நீளத்துக்குத் தையல். எப்படிப் பட்டுச்சுன்னு டாக்டர் கேட்டாரு. வழுக்கி அருவா மேல விழுந்தேன்னேன். மலர் அங்கதான் நின்னா, கேட்டா, வாயத் திறக்கல. நான் தம்பியக் காப்பாத்தினது அவளுக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா மோட்டாரப் போட்டது அத்தான்தான்னு அவ மனசுல ஆணி அடிச்சாப்ல நிக்கிது. கொல்லப் பாத்தவன் பொண்டாட்டிகிட்ட என்ன பேச்சுன்னு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் குந்தியிருந்தா. வெட்டு வலிய விட அந்த முதுகுதாங்க எனக்கு வலிச்சுச்சு.

நான்தான் ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டேன். "எங்க ரெண்டு பேர்ல யாரும் போடல, என் கண்ணு முன்னால தானா கரண்டு வந்துச்சு, பொட்டியப் பாருங்க தம்பி"ன்னேன். மெயினை எறக்கிப் பூட்டை உடைச்சுப் பாத்திருக்காரு. சிம்கார்டை எடுத்துத் தன் போன்ல போட்டதுதான் தாமதம், அது அடிச்சிருக்கு. எடுத்தா ஒரு பொண்ணு, "அமிர்தலிங்கம் சாருங்களா? காலையில கூப்பிடச் சொன்னீங்களே"ங்கிது. அதை வச்சா அடுத்தது. ஆசுபத்திரி வாசல்ல என்னையும், காய்ச்சலோட எழுந்து வந்திருந்த எங்க வீட்டுக்காரரையும் நிக்க வச்சு இதைச் சொன்னாரு ஜாஃபர். எங்க வீட்டுக்காரர் தலைக்கட்டைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே செவுத்துல சாஞ்சாரு. பச்சைப் புள்ளையாட்டம் என் கையப் பிடிச்சு, "ராஜாத்தி, இது வெளிய தெரிய வேணாம்டி. காறித் துப்பிச் சிரிப்பாங்கடி"ன்னாரு.

ஆசுபத்திரியிலேருந்து தகவல் போயி, அந்த நேரம் பாத்து எஸ்.ஐ. வந்துட்டாரு. தம்பி கட்டிலைச் சுத்தி எல்லாரையும் நிக்க வச்சாரு. வார்டே வேடிக்கை பாக்குது.

"கேபிளைப் பிடிச்சப்ப மோட்டார யாருய்யா போட்டது?"

ஜாஃபர் சொல்லட்டும்னு நான் திரும்பறேன். எங்க வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால வந்து நெஞ்சை நிமுத்திக்கிட்டு நின்னாரு.

"நான்தான் சார் போட்டேன்."

"தெரிஞ்சா போட்ட?"

"தெரிஞ்சுதான். எம் போர்செட்டுல வந்து கைய வச்சான். போட்டேன். நானும் ஆம்பளைதான?"

கொலைக் கேசு. வருசக் கணக்குல உள்ள போவாரு. அதுகூட இல்லங்க. என் தங்கச்சி திரும்பிப் பாத்தா. முதல் தடவையா என் மூஞ்சியப் பாத்தா. அவ முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. ஒதடு மட்டும் "அத்தான்"னுச்சு, சத்தம் வரல. இந்த மனுசன் சொன்ன ஒத்தைப் பொய்யில என் கூடப் பொறந்தவ எனக்கு ஆயுசுக்கும் இல்லாமப் போவப் போறா.

வெட்டுப் பட்ட கைன்னுகூட எனக்கு நெனப்பில்ல. அந்தச் சோத்துக் கையாலயே விட்டேன் ஒரு அறை. வார்டு பூராக் கேட்டுச்சு. முப்பது வருசத்துல அதுதான் மொத அறை. மனுசன் ரெண்டு சுத்து சுத்தி மருந்துத் தட்டு மேல சாஞ்சாரு.

"பொய் சார்! அத்தனையும் பொய்! கொலைகாரன்னு பேர் எடுத்தாலும் எடுப்பாரு, கேனையன்னு பேர் எடுக்க மாட்டாரு இந்த ஆளு. லோன் விக்கிறவன், மனை விக்கிறவன், எல்லாத்துக்கும் மோட்டார் நம்பரைக் கொடுத்து வச்சிருக்காரு சார். எப்ப வேணா கூப்பிடு தங்கம்னு கொடுத்தாரு சார். அவனுங்க ஒருத்தன் கூப்பிட்டா மோட்டார் ஓடும், அடுத்தவன் கூப்பிடற வரைக்கும் நிக்காது. இந்தா நிக்கிறாரே ஜாஃபர், கேளுங்க!"

ஜாஃபர் தலையக் குனிஞ்சிக்கிட்டே, "ஆமாங்க சார்"ன்னாரு. எதிர்க் கட்டில் பெரியவரு சிரிச்சாரு. நர்சம்மா சிரிச்சா. எஸ்.ஐ. மீசையக் கடிச்சிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு. தம்பி கட்டுப் போடாத கையால கண்ணை மறைச்சிக்கிச்சு, தோளு குலுங்குது, சிரிக்கிதா அழுவுதான்னு தெரியல. எங்க வீட்டுக்காரர் தரையில குந்தி மூஞ்சிய மூடிக்கிட்டாரு. சிரிக்கட்டும். ஊரே சிரிக்கட்டும். நான் அழுதுகிட்டு நின்னேன்.

தோள்ல தையல் பிரிஞ்சு ரவிக்கை நனைஞ்சிருந்துச்சு. மலர் எழுந்து வந்தா. முந்தானைய சுருட்டி, அவ வெட்டின எடத்துலயே வச்சு அமுக்கிப் பிடிச்சா. அப்புறம் என் காதுகிட்ட வந்தா.

"அக்கா, அத்தானுக்கு இன்னும் ஒண்ணு வை. எனக்கும் சேத்து."

வச்சேன்.